சட்டைப்பைக்குள் ஒரு மின்னல்

இந்தத் தரம் போட்டோவில் கண் மூடுவதில்லை என்று ஒஸ்வால்ட் சபதம் எடுத்தார்.

எடுத்த இடம் கொட்டாஞ்சேனையில் இரண்டாம் மாடி வீட்டின் ஹோல். சாட்சி, சிவப்பு பல்ப் எரிகிற திரு இருதய ஆண்டவர் படம். காரணம், அந்தப் படத்துக்கு நேர் கீழே ஆணியில் தொங்கியது. ஒஸ்வால்டினதும் றோஸியினதும் கலியாணப் போட்டோ. அதில் றோஸி இப்போதுதான் வானத்திலிருந்து இறங்கியவள் மாதிரி நிற்பாள். பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட ஒரு மனுசன் நின்ற நிலையிலேயே நித்திரை கொள்வான். இரண்டு கண்ணும் இறுக்க மூடி, அநேகமாகக் கனவும் கண்டுகொண்டு.

இருபத்தைந்து வருசமாக அந்த வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் முதலில் ஆண்டவரைப் பார்த்து சிலுவை போட்டார்கள். பிறகு பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கிச் சிரித்தார்கள். பக்தியும் பகிடியும் ஒரே சுவரில் கிடைக்கிற வீடு வேறெங்கே இருக்கிறது? றோஸியின் அண்ணன் றேமண்ட் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வந்து, படத்துக்குக் கிட்டப் போய், விரலை வாயில் வைத்து, "உஷ்! சத்தம் போடாதேங்கோ, மாப்பிள்ளை எழும்பிடுவார்" என்பார். எல்லாரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். ஒஸ்வால்டும் சிரிப்பார். சிரிக்காமல் எங்கே போவது, அது அவருடைய வீடு.

"அதைக் கழட்டுவமே றோஸி" என்று கேட்டுக் கேட்டு அவருடைய வாய்தான் தேய்ந்தது.

"ஏன்? நான் அதில நல்லாத்தானே இருக்கிறன்."

"நான்?"

"நீங்களும் இருக்கிறீங்கள். அது காணும்."

இப்போது வெள்ளி விழா வருகிறது. பாதர் வருவார். தெஹிவளையிலிருந்து மச்சாள்மார் வருவார்கள். முகத்துவாரத்திலிருந்து றேமண்ட் விரலை வாயில் வைத்தபடியே புறப்பட்டு வருவார். அதற்குள் அந்தப் படம் இறங்கியாக வேண்டும். துறைமுகத்தில் சாமான் விடுவிக்கிற கந்தோரில் கிளாக்காக இருந்து எத்தனையோ கொண்டெய்னரை வெளியே எடுத்தவருக்கு ஒரு ஆணியிலிருந்து ஒரு படத்தை எடுக்க முடியவில்லை.

ஆகையால் ஒஸ்வால்ட் கமரா வாங்கினார்.

மேல்மாடி கிளின்ரன் வாங்கிய அதே சாமான், அதே கடை. உள்ளே கண்ணாடி இல்லாத புதுமாதிரிக் கமரா. கண்ணை வைத்துப் பார்த்தால் அதற்குள்ளேயே குட்டி ரீவி ஓடும். ஆனால் ஒஸ்வால்டை மயக்கியது கமரா அல்ல, அதோடு வந்த பிளாஷ். சவர்க்காரக் கட்டி அளவு. சட்டைப்பைக்குள் போட்டால் மூக்குக் கண்ணாடிக்கூடு என்று நினைப்பார்கள். வயர் கிடையாது. கமராவின் தலையில் ஒரு சின்ன ட்ரிகரைப் பூட்டிவிட்டு பிளாஷை எங்கேயாவது வைக்க வேண்டியதுதான். இங்கே அமத்தினால் அங்கே மின்னும். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் காற்று.

அந்த வெறும் காற்றை நினைத்து நினைத்து ஒஸ்வால்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிளாஷை அலுமாரிக்கு மேல் வைத்தார், மின்னியது. குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கதவுக்குக் கீழே ஒரு கோடு பளிச்சென்று வந்து போனது. குசினியில் மிளகாய்ப் போத்தல்களுக்கு நடுவில் வைத்துவிட்டு ஹோலில் நின்று அமத்தினார்.

"என்ன, மழையா?" என்று குசினியிலிருந்து றோஸி.

"இல்ல றோஸி, நான்தான்!"

"மீன் பொரிக்கிறன். எண்ணெய் தெறிச்சு நான் கத்தினா அதுவும் நீங்கதான்."

அன்றிரவுச் சாப்பாட்டில் ஒஸ்வால்ட் பேச்சுவார்த்தை தொடங்கினார்.

"விழாவுக்கு நானே படம் எடுக்கிறன். நல்லா வந்தா பழசைக் கழட்டுறியா?"

றோஸி முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவள் கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள். யோசிக்காமல் 'ஓம்' சொல்லமாட்டாள்.

"நான் தெரிவு செய்யிற படம்தான் தொங்கும்."

"சரி."

"பிறகு சிணுங்கக் கூடாது."

"ஆண்டவர் சாட்சி!"

படுத்த பிறகு ஒஸ்வால்ட் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். தெரிவு அவளுடையதாம்! கண் மூடிய படங்களையெல்லாம் அவள் பார்க்கும் முன்னே அழித்துவிட்டால், மிச்சமிருப்பதில் எதைத் தெரிவு செய்தாலும் கண் திறந்த ஒஸ்வால்ட்தான். வாக்குப் போடுவது அவள், வேட்பாளர் எல்லாரும் தன் ஆட்கள். இத்தனை மூளையை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் வீணாக மீன் சந்தைக்குப் போய் வந்துவிட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அது நடந்தது.

ஹோலில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக் ஒன்றுதான். சிவப்பு பல்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிற அதில்தான் பிளாஷைச் சார்ஜுக்குப் போட்டு, ஆண்டவர் படத்தடியில் இருக்கிற தட்டிலேயே வைத்திருந்தார். கமரா உறைக்குள். ஒஸ்வால்ட் கதிரையில் அரைத் தூக்கம். திடீரென்று ஆண்டவர் மின்னினார்.

ஒஸ்வால்ட் எழும்பி உட்கார்ந்தார். கமராவைப் பார்த்தார். உறை மூடித்தான் இருந்தது. மறுபடியும் பளிச்! திரு இருதயத்திலிருந்து ஒளி பாய்ந்து சுவரெல்லாம் வெள்ளையாகி, கலியாணப் படத்தில் கண் மூடிய மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் சாட்சிக் கூண்டில் ஏறியதுபோல் தெரிந்தது. ஒஸ்வால்டின் முழங்கால் தானாகவே மடிந்தது. கை கூப்பியது. வாய் உளறியது.

"ஆண்டவரே, தெரியாமச் செய்யேல்ல, தெரிஞ்சுதான் செய்தனான். கண் மூடின படத்தையெல்லாம் றோஸி பாக்க முன்னம் அழிக்க நினைச்சது பிழைதான். உம்மைச் சாட்சிக்கு இழுத்தது அதைவிடப் பிழை..."

பளிச்!

"மன்னியும் ஆண்டவரே!"

"எழும்புங்கோ, முழங்கால் பிடிச்சுக்கொள்ளப் போகுது."

குசினி வாசலில் றோஸி நின்றாள். கையில் முழுதும் உரித்து முடிந்த வெங்காயம்.

"றோஸி, பாத்தியா? ஆண்டவர்..."

"ஆண்டவரில்லை, கிளின்ரன். மேல அவரிட மகளுக்கு பேர்த் டே. பாட்டுக் கேக்கேல்லையா? ரெண்டு பேரும் ஒரே சாமான் வாங்கி, ரெண்டு பேரும் பிளாஷைச் சனல் ஒண்டிலயே விட்டிருக்கிறீங்கள். அவர் அங்க அமத்த இஞ்ச மின்னுது. நீங்க அமத்தேக்க அங்க மின்னி, குழந்தை வீரிட்டுக் கத்துதாம். தாரிகா நேற்றுத்தான் படியில வச்சுச் சொன்னவ, உங்கட அவரிட சனலை மாத்தச் சொல்லுங்கோ எண்டு."

தாரிகா கிளின்ரனின் பெண்சாதி. ஒஸ்வால்ட் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மேலே கேக் வெட்டிக் கைதட்டினார்கள்.

"நீ எப்ப வந்தனீ?"

"இப்பதான்" என்றாள் றோஸி.

ஒஸ்வால்டுக்குப் போன உயிர் வந்தது. சனலை மாற்றினார். ஆண்டவர் அல்ல என்று தெரிந்த பிறகு திட்டத்தை மாற்றத் தேவையிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த உடுப்போடேயே படப்பிடிப்பு. பிளாஷுக்கு ஸ்டாண்ட், கதிரையோடு சேர்த்துக் கட்டிய, வீடு கூட்டுகிற தும்புத்தடி. உச்சியில் இரண்டு ரப்பர் வளையம். கமராவை மேசையில் வைத்து, தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஒஸ்வால்ட் ஓடி வந்து றோஸிக்குப் பக்கத்தில் இருப்பார். வயிற்றை உள்ளே இழுப்பார். கண்ணை ஆந்தை மாதிரி விரிப்பார். பளிச். ஓடிப்போய்ப் பார்ப்பார்.

மூடியிருக்கும்.

"எப்பிடி?"

"கொஞ்சம் ஆடிப்போச்சு றோஸி." அழிப்பார்.

மறுபடி ஓட்டம். மறுபடி ஆந்தை. மறுபடி நித்திரை. "இது இருட்டு." அழிப்பார். "இதில உன்ர சாரி மடிப்புச் சரியில்லை." அழிப்பார். றோஸி அசையாமல் இருந்தாள். மதர் சுப்பீரியரின் பிரம்புக்கு முன்னாலேயே இமைக்காதவள் சவர்க்காரக் கட்டிக்கு இமைப்பாளா? தும்புத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தரமும் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. ஒஸ்வால்ட் அதைக் காணவில்லை. காண வேண்டிய நேரமெல்லாம் அவருடைய கண் மூடியிருந்தது.

வெயில் ஜன்னலைத் தாண்டிப் போனபோது கமராவுக்குள் ஒரு படமும் மிச்சமில்லை. ஒஸ்வால்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். றேமண்டின் விரல் வாய்க்குப் போவது அவருக்கு இப்போதே தெரிந்தது.

றோஸி எழும்பி, தும்புத்தடியிலிருந்து பிளாஷைக் கழற்றினாள்.

"இந்த வெளிச்சம் சரியில்லை. கள்ளனைப் பிடிச்சு விசாரிக்கிற மாதிரி முகத்தில அடிக்குது. அறைக்கு வாங்கோ."

அறையில் கண்ணாடி மேசைக்கு முன்னால், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி இருந்தாள். பூசைக்குப் போடுகிற வெள்ளை முக்காட்டை எடுத்து நாலாக, எட்டாக மடித்தாள். பிளாஷை அதற்குள் பொதிந்து, பாஸ்கா இரவில் மெழுகுதிரி பிடிப்பது போல நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஓடித் திரியாம, கையில பிடிச்சு என்னை எடுங்கோ."

ஒஸ்வால்ட் கண்ணைக் கமராவில் ஒட்டினார். அமத்தினார்.

குட்டி ரீவிக்குள் படம் வந்தது. ஒஸ்வால்ட் கண்ணை எடுக்கவில்லை. மூச்சும் விட்டாரோ தெரியாது.

அவளுடைய கைகளுக்குள்ளிருந்து வெளிச்சம் ஊறிக்கொண்டிருந்தது. அது அவளுடைய கழுத்திலும் கன்னத்திலும் பால் மாதிரிப் பரவி, நரைத்த முடியில் வெள்ளிக் கம்பியாய் ஓடி, சீலைக்கரையில் போய் அடங்கியது. கண்ணில் ஒரு பொட்டு நெருப்பு. கலியாணப் படத்தில் வானத்திலிருந்து இறங்கி வந்தவள் இத்தனை வருசமும் இங்கேதான் இருந்திருக்கிறாள், வெங்காயம் உரித்துக்கொண்டு, எண்ணெய்க்கு மூடி தேடிக்கொண்டு. தினம் மூன்று நேரம் பார்த்த முகம். ஒஸ்வால்ட் அதை முதல் தரம் பார்த்தார்.

"என்ன, ஆடிப்போச்சா?"

"இல்ல" என்றார். "ஆடேல்ல."

றோஸி வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இதுதான். இதையே தொங்கவிடுவம். பழசைக் கழட்டுங்கோ."

ஒஸ்வால்டுக்கு இரட்டைச் சந்தோசம். பழசு இறங்குகிறது. புதுசில் அவர் இல்லவே இல்லை. இல்லாத மனுசனின் கண்ணைப் பார்த்து யார் சிரிப்பது? மேசைமேல் ஏறி ஆணியிலிருந்து பழைய படத்தை இறக்கும்போது வாயில் திருவிழாப் பாட்டு. பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுக்கிற வேலையை றோஸியே எடுத்துக்கொண்டாள். அதையும் அவர் அன்பென்றுதான் நினைத்தார்.

வெள்ளி விழா. ஹோல் நிறைந்து ஆட்கள் படிக்கட்டில் நின்றார்கள். பாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். றோஸி புதுப் படத்தை மூடியிருந்த துணியை இழுத்தாள்.

தெஹிவளை மச்சாள்மார்கூட வாயைத் திறக்கவில்லை, அது அவர்கள் வாழ்க்கையில் முதல் தரம். கிளின்ரன் தலையைச் சாய்த்து, "அங்கிள், அதே பிளாஷ் என்னட்டயும் இருக்கு. இப்பிடி ஒண்டு வரேல்லையே" என்றான். பாதர், "மாதாவின் முகம் மாதிரி" என்றார். ஒஸ்வால்டின் கோட்டு பட்டன் தெறிக்கப் பார்த்தது.

றேமண்ட் மெல்ல முன்னால் வந்தார். படத்துக்குக் கிட்டப் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார்.

"மச்சான்... இஞ்ச றோஸிக்குப் பின்னால, கண்ணாடிக்குள்ள நிக்கிறது ஆர்?"

எல்லாரும் கிட்டப் போனார்கள். ஒஸ்வால்டும் போனார்.

றோஸியின் தோளுக்கு மேலே, கண்ணாடிக்குள், அதே பால் வெளிச்சத்தில் தெள்ளத் தெளிவாக ஒரு மனுசன் நின்றான். ஒரு கண்ணைக் கமரா மறைத்திருந்தது. மற்றக் கண், புளியங்காயைக் கடித்தவன் கண் மாதிரி, கன்னமெல்லாம் சுருங்க இறுக்க மூடியிருந்தது. போதாததற்கு நாக்கு நுனி வெளியே.

சிரிப்பு படிக்கட்டு வரைக்கும் போய், விசயம் தெரியாதவர்களும் சிரித்து, திரும்பி வந்தது.

"றோஸி!" ஒஸ்வால்ட் அவளை ஓரமாக இழுத்தார். "உனக்கு அண்டைக்கே தெரியுமா?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா அழிச்சிருப்பீங்கள். ஆண்டவருக்குச் சொல்லேக்க நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். முழு வெங்காயம் உரிக்குமட்டும்."

ஒஸ்வால்ட் ஆண்டவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இன்னொண்டு. அந்த பிளாஷ் ஒவ்வொரு தரமும் ரெண்டு தரம் மின்னுது. முதல்ல வெளிச்சத்தை அளக்க ஒரு குட்டி, பிறகு படத்துக்குப் பெரிசு. குட்டிக்கு நீங்கள் கண்ணை மூடுறீங்கள், பெரிசுக்கு மூடின கண்ணோட இருக்கிறீங்கள். குட்டியை நிப்பாட்டலாமாம், தாரிகாதான் சொன்னவ."

"கடவுளே! அதையாவது அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கேல்லையே."

ஒஸ்வால்ட் சுவரைப் பார்த்தார். கோபம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வருவதாயில்லை. கைக்குள் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி இருக்கிறாள். பின்னால் ஒருத்தன் அவளைப் பார்க்கவென்று ஒற்றைக் கண்ணோடு நிற்கிறான். இவ்வளவு நல்ல படத்தை அவர் இனி எடுக்கப் போவதில்லை. இதைக் கழற்றச் சொல்லிக் கேட்கவும் போவதில்லை.

அதற்குள் றேமண்ட் விரலை வாய்க்குக் கொண்டுபோனார். றோஸி முந்திவிட்டாள்.

"அண்ணா, சும்மா இருங்கோ. இருபத்தைஞ்சு வருசத்தில ஒரு கண் திறந்திருக்கிறார். மற்றது பொன்விழாவுக்கு."