வீரமலை வீட்டுத் திருக்கண்ணமுது

ஸ்ரீரங்கம்
வெள்ளிக்கிழமை

ஆசிரியர் நவநீதன் அவர்களுக்கு அநேக தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வாரப் பத்திரிகையும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நான் நேற்றுக் காலை முழுக்கக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்து நாலு வயதில் கருத்துச் சுதந்திரத்தை அப்படித்தான் காப்பாற்ற முடிந்தது.

எல்லாம் அந்தக் கட்டுரையால். உறையூர்க் கல்யாண மண்டபத்துக்காரர் அழகிரி மிச்சச் சாப்பாட்டை வாய்க்காலில் கொட்டுகிறார் என்று எழுதினேன். அவரிடம் அடியாட்கள் உண்டு என்பதால் ‘உறையூர் வீரமலை’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். பெயரை மாற்றியவன் நாக்கை மாற்ற மறந்துவிட்டேன். எங்கள் ஐயங்கார் வீட்டு வழக்கப்படி ‘வாய்க்காலில் திருக்கண்ணமுது ஓடுகிறது’ என்று எழுதித் தொலைத்தேன். சந்திப்பிழைக்கெல்லாம் சண்டைக்கு வரும் உங்கள் பிழைதிருத்துபவர் அதைப் பாயசம் என்று மாற்றியிருக்கக் கூடாதா?

நேற்று அழகிரியே வந்துவிட்டார். வாசலில் இரண்டு புல்லட் சத்தம். நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

“உறையூர்ல மூணு வீரமலை இருக்காங்க மாமி. மூணு பேரையும் பாத்துட்டேன். பாயசத்தைத் திருக்கண்ணமுதுங்கறவரு ஒருத்தரும் இல்லீங்களே. சாமி இருக்காருங்களா?”

“வெளில போயிருக்கார்” என்றாள் என் மனைவி வைதேகி.

“அப்ப பாத்ரூம்ல தும்முறது யாருங்க?”

“அது... பிளம்பர்.”

“நல்லதாப் போச்சு. மண்டபத்துலயும் பைப்பு ஒழுகுது. முடிச்சுட்டு வரட்டும், கூட்டிட்டுப் போறேன்.”

உட்கார்ந்தே விட்டார். இரண்டு காபி குடித்தார். கடைசியில் எழுந்தவர் குளியலறைப் பக்கம் திரும்பி, “சாமி எழுதட்டும், தப்பில்ல. விடியக்காலம் கொள்ளிடக்கரையில தனியா வாக்கிங் போறாரே, அதாங்க எனக்குக் கவலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று முதல் ஹாலுக்குள்ளேயே நடக்கிறேன். சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்து தலை சுற்றுகிறது. அலுத்துவிட்டது சார். நிறுத்திவிடலாம் என்றால் வாய்க்கால் நாறுகிறதே! இத்துடன் இரண்டாம் கட்டுரை. பெயர் ‘திருவெறும்பூர் சகாயம்மாள்’. பாயசம் என்றே எழுதியிருக்கிறேன். யார் கேட்டாலும் தபாலில் வந்தது என்று சொல்லுங்கள். கையெழுத்துப் பிரதியைக் கிழித்துவிடுங்கள்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் ரங்கன் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தைரியமில்லாதவன்

பி.கு.: வாய்க்காலில் திருக்கண்ணமுது ஓடிய அன்று அந்த மண்டபத்தில் நடந்தது என் பெண் கல்யாணம். மிச்சத்தை என்ன செய்வது என்று அழகிரி கேட்டார். “எங்கேயாவது கொட்டுங்கோ” என்றவன் நான்தான்.