ஒரு கீறலும் விழாத புத்தகங்கள்

உலகத்தின் பெரிய பெரிய நூலகங்கள் தீயில் எரிந்திருக்கின்றன, வெள்ளத்தில் போயிருக்கின்றன, கரையானுக்கு விருந்தாகியிருக்கின்றன. ஆனால் ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் இருநூற்றுப் பன்னிரண்டு கதைப் புத்தகங்கள், வந்து பதினான்கு மாதமாகியும் அச்சகத்தை விட்டு வந்த மேனிக்கே இருந்தன. ஒரு பக்கத்தின் ஓரம்கூட மடங்கவில்லை. இந்த அரும்பணியை ஆற்றியவன் அடியேன் கோதண்டபாணி, மூன்றாம் வகுப்பு ஆசிரியர் மற்றும் 'வாசிப்பு மேம்பாட்டுப் பொறுப்பாளர்'. தற்பெருமை எனக்குப் பிடிக்காது. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

பிள்ளைகள் வாசித்துப் பழக வேண்டும் என்று அவற்றைக் கொடுத்தது ஒரு ஷூ கம்பெனி. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. அதன் தரப் பிரிவு மேனேஜர் இஷ்தியாக் அகமது தங்கமான மனிதர். கொடுப்பதைக் குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்து, சிவப்பு டேக் கட்டி, அதில் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தார். எல்லாம் பாக்டரிப் பழக்கம்.

அங்கே வெளிநாட்டுக்காரர் 'ஓகே' சொன்ன சாம்பிள் ஷூவில்தான் இப்படிக் கையெழுத்திட்ட சிவப்பு டேக் தொங்கும். அதைப் பார்த்துத் தைக்கலாம், தொடக் கூடாது. தொட்டால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். ஆகவே நான் அட்டைப் பெட்டியைத் திறந்ததும் என் வகுப்பின் முப்பத்தொரு பிள்ளைகளும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"எடுத்துக்கங்க" என்றேன்.

"டேக் இருக்குது சார்" என்றாள் முதல் பெஞ்ச் நிஷா. "தொட்டா எங்கம்மாவ வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

கத்தரிக்கோல் என் மேசை டிராயரில்தான் இருந்தது. அறுத்திருக்கலாம். அதற்குள் தலைமையாசிரியை விஜயகுமாரி மேடம் அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கத்தப் பார்த்ததில்ல சார். நாளைக்குக் கிழிஞ்சா யார் பதில் சொல்றது? அப்படியே பீரோவுல வெச்சுடுங்க."

உடனே அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் அவரும் நானும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள்ளும் சாவி என் சட்டைப் பைக்குள்ளும் போயின. கண்ணாடியின் மேல் நானே முத்து முத்தாக எழுதி ஒட்டினேன்: 'இவை வாசிப்புப் புத்தகங்கள். எக்காரணம் கொண்டும் மாணவர்கள் தொடக் கூடாது. கண்ணாடிமேல் மூச்சு விடக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, த. கோதண்டபாணி, வாசிப்பு மேம்பாட்டுப் பொறுப்பாளர்.'

மூன்று மாதம் கழித்து நிஷாவின் அம்மா ஆரோக்கியமேரி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

"சார், அந்த டேக் ஷூவுக்குத்தான் சார். எங்க மேனேஜர் சாரு பழக்க தோஷத்துல கட்டிட்டாரு. அறுத்துப் போட்டுட்டு புள்ளைங்க கையில குடுங்க. நான் எட்டாவதோட பாக்டரிக்குப் போய்ட்டேன். இவளாவது நல்லா படிக்கட்டும்."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா இன்னா சார்? எடுத்துனு வாங்க, நான் ஒட்டித் தர்றேன். நாள் பூரா அந்த வேலதானே பண்றேன்."

பாமர மக்களுக்குப் புத்தகத்தின் அருமை எங்கே தெரிகிறது! பேச்சு வளர்ந்தால் பேஜார் என்று, "பரிசீலிக்கிறேன்" என்றேன். பதினொரு மாதம் விடாமல் பரிசீலித்தேன்.

இதற்குள் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஏறிவிட்டார்கள், கூடவே நானும். போன வாரம் வாசிப்புத் திறன் ஆய்வு வந்தது. பாடப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவதால், புதிதாக எதையாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படிக்காதவர்கள் 'வாசிக்க இயலாதோர் பட்டியல்' ஏறுவார்கள். ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் தனியாக உட்காருவார்கள். அதிகாரியின் நேரம் வீணாகக் கூடாதே என்று பட்டியலை முதல் நாளே தயாரித்துவிட்டேன். கதைப் புத்தகத்தையே தொடாத பிள்ளை எப்படிப் படிக்கும்? முப்பத்தொரு பெயரையும் எழுதினேன். முதல் பெயர் நிஷா.

வட்டாரக் கல்வி அலுவலர் ஜெயசீலன் வந்ததும் பீரோவைப் பார்த்து அசந்துபோனார்.

"அடடா, புதுசு மாதிரியே இருக்கே!"

"புதுசுதான் சார்" என்றேன் அடக்கமாக.

பராமரிப்புக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தரலாம் என்றார். மேடம் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அதிகாரி பீரோவைத் திறக்கச் சொல்லி, ஒரு புத்தகத்தை எடுத்து நிஷாவிடம் நீட்டினார். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. அவர் பட்டியலை எடுத்துப் பேனாவைத் திறந்தார். நிஷா அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"படிக்கத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார்."

"அப்ப ஏன் வாங்க மாட்டேன்ற?"

"தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குது சார்."

"எங்கே?"

நிஷா பீரோவைப் பார்த்துப் படித்தாள். கட்டிய கை கட்டியபடி, என் அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து என் பதவிப் பெயர் வரைக்கும் படித்தாள். 'எக்காரணம் கொண்டும்' என்ற இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"இவ்ளோ நல்லா எங்கம்மா பழகின?"

"இதுலதான் சார். தெனம் படிப்போம். வேற எதுவும் வெளிய இல்ல சார்."

மற்ற முப்பது பேரும் கேட்காமலே எழுந்து ஒரே குரலில் அதைப் படித்துக் காட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

அதிகாரி என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார். "டேக்கத் தொட்டா எங்கம்மாவ வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க சார்" என்றாள் நிஷா. அவர் டேக்கை அறுத்தார். "உங்கம்மா வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்று புத்தகத்தை நிஷாவின் கையில் வைத்தார். பட்டியலில் முப்பத்தொரு பெயரையும் அடித்தார். தலைப்பில் 'இயலாதோர்' என்பதை அடித்து 'விடாதோர்' என்று திருத்தினார். கீழே இரண்டு பெயர்களை எழுதி, மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சான்றிதழைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் அதை மறைப்பதற்குள் நிஷா எட்டிப் பார்த்துவிட்டாள். 'வாசிக்க விடாதோர் பட்டியல். ஒன்று, த. கோதண்டபாணி' என்று வகுப்புக்கே கேட்கும்படி, ஒரு பிழையும் இல்லாமல் படித்தாள்.