சிவப்புன்னா சிவப்புதான்

"சர்வர் அறைக்காரங்களுக்குச் சொல்லாம ஓட்டையை யார் சார் அடைப்பாங்க?"

"சிவப்புன்னா சிவப்புதாம்மா," என்றார் அதிகாரி.

அவருக்கு முத்திரை சார் என்று பட்டப்பெயர். தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு வரும் எந்தக் குறிப்பும் நிறம் குத்தப்படாமல் அவர் மேசையைத் தாண்டாது. பச்சை என்றால் இதே தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லலாம். மஞ்சள் என்றால் அலுவலகத்துக்குள், தேவைப்படுபவர்களுக்கு மட்டும். சிவப்பு என்றால், குறிப்பைப் படித்தபோது அறையில் இருந்தவர்களோடு சரி.

அறையில் இருந்தது அவரும், அவர் பிரிவில் வேலை பார்க்கும் அவளும்தான்.

ஊழியர் விவரங்கள் இருக்கும் சர்வருக்குள் வெளியாள் யார் வேண்டுமானாலும் நுழையலாம், உடனே அணைத்துச் சரிசெய்ய உத்தரவிடுங்கள் என்றது அந்தச் சிவப்புக் குறிப்பு. எழுதியவர் பெயர் இல்லை. பெயரோடு எழுதினால் "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தே?" என்று எழுதியவரையே பிடிப்பார்கள். அதனால் பெயரை மறைத்து எழுத அலுவலகத்தில் ஒரு இணையப் பக்கம் இருந்தது. எந்த நிறம் என்று எழுதுபவரே அதில் தேர்ந்தெடுக்க வேண்டும்; முத்திரை சார் அதையே குத்துவார்.

சர்வர் அறைக்குப் பொறுப்பு அவள் கணவன். எவனாவது உள்ளே புகுந்தால் முதலில் போவது கணவன் வேலைதான்.

"மஞ்சளா மாத்திடலாம் சார்."

"எழுதினவர் சம்மதிக்கணும்."

"அவர் யாருன்னே தெரியாதே!"

"அந்தப் பக்கத்துலயே கேளுங்க."

கேட்டாள். 'நிறத்தை மாற்றச் சம்மதமா?' உடனே பதில் வந்தது: 'வீடு பத்தி எரியுது, சுவத்துக்கு என்ன கலர்னு கேக்கறீங்களா? வேலையைப் பாருங்கய்யா!'

"இதுல சம்மதம்னு எங்கேம்மா இருக்கு?" என்ற முத்திரை சார், அந்தப் பதிலுக்கும் சிவப்புக் குத்தினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலும், எழுதிய அந்தத் திமிர் பிடித்தவன் மேலும்.

மதியம் கணவனைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஊழியர் விவரம் இருக்கற சர்வரை இன்னைக்கு அணைச்சா என்ன?"

அவன் முகம் மாறியது. "உத்தரவு இல்லாம அணைச்சா என் சீட்டு கிழியும். எழுத்துல குடு, இந்த நிமிஷம் அணைக்கிறேன்."

"எழுத்துல குடுக்க முடியாது."

"ஏன்?"

"ஏன்னும் சொல்ல முடியாது."

"உங்க பிரிவுல எல்லாரும் வேலை பாக்கறீங்களா, இல்ல கலர் அடிக்கத்தான் சம்பளம் வாங்கறீங்களா?"

அவன் கத்தியது மேல்மாடி வரைக்கும் கேட்டது. மாலையில் முத்திரை சார் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வீட்டில் அலுவலக விஷயம் பேச மாட்டேன் என்று அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"சர்வர் அறையில சந்தேகம் வந்திருக்கும். அதையும் சரி பண்ணிட்டேன்," என்றார்.

"எப்படி சார்?"

"இந்த வாரம் எந்த சர்வரையும் அணைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டேன். இனி யாருக்கும் சந்தேகம் வராது."

"அந்த உத்தரவு என்ன நிறம் சார்?"

"பச்சை. எல்லாருக்கும் போகட்டும்."

வீட்டுக்கு வந்ததும் கணவன் பையை நாற்காலியில் எறிந்தான். மாமியார் மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் அணைன்னு நீ சொல்றே. சாயங்காலம் அணைக்காதேன்னு உங்க ஆளு உத்தரவு போடறார். விளையாடறீங்களா?"

"பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்!"

"நாங்கள்லாம் கோபம் வந்தா சும்மாவே பேச மாட்டோம்," என்றார் மாமியார். "இப்ப அதுக்கும் கையெழுத்து கேக்கறாங்களா?"

"நீங்க வேற, அத்தை!" காலையிலிருந்து அடக்கி வைத்தது அவளுக்கு உடைத்துக்கொண்டது. "ஒரு ஓட்டை இருக்கு. அடைக்கற ஆளு இதோ என் எதிர்லயே நிக்கறார். சொன்னா என் வேலை போயிடும், சொல்லலேன்னா அவர் வேலை போயிடும். எல்லாம் அதை எழுதின அந்த முட்டாளால! எவன்னு மட்டும் தெரியட்டும், அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன். இருக்கற கலரையெல்லாம் விட்டுட்டு எதுக்குச் சிவப்பைப் போய் அமுக்கினான்?"

கணவன் தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே நின்றான். கண் மட்டும் மெல்ல அம்மா பக்கம் திரும்பியது.

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"பாவம், அவனைத் திட்டாதேம்மா. அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதிட்டு, 'பச்சையா மஞ்சளா சிவப்பாம்மா'ன்னு கேட்டான். சிவப்புதான்டா எடுப்பா இருக்கும்னு சொன்னது நான்தான்."