ஜுலிகா அளவு

“நான் கத்த மாட்டேன். வாசல்ல நின்னு சாதாரணமாத்தான் பேசுவேன். உனக்குக் கேக்கணும்.”

“கேக்கும். உன் பேச்சு அமுங்குற அளவுக்கு வால்யூம் வைக்க மாட்டேன், போதுமா?”

கல்யாணமான வாரம் ஜுலிகாவுக்கும் மொக்தாருக்கும் நடந்த பேச்சு அது. அல்ஜீரியாவின் ஓரான் நகரில் வீட்டின் முன்னறைதான், பாட்டுக்குக் குரலையும் வாத்தியங்களையும் கலந்து மிக்ஸ் செய்யும் அவனுடைய ஸ்டூடியோ. பதினொரு வருடங்களாக அவள் அவ்வப்போது வாசலில் வந்து பேசுவாள். அவன் தலையாட்டிக்கொண்டே வால்யூமைச் சரிசெய்வான். அந்த அளவில் மிக்ஸ் செய்த பாட்டு டாக்ஸியிலும் கல்யாண வீட்டிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஊரே மொக்தாரின் காதைப் புகழ்ந்தது. அவனும் மறுத்ததில்லை.

இப்போது ஜுலிகா, தங்கையின் பிரசவத்துக்காக த்லெம்சென் ஊருக்குப் போய் நான்கு நாள். பாடகன் லக்தாரின் புதுப் பாட்டு மாலை ஐந்துக்குள் வானொலிக்குப் போக வேண்டும். தேறினால் கோடை விழாவின் முதல் பாட்டு அதுதான். தேறாவிட்டால் மொக்தாரின் காது என்னாவது?

காலையில் வால்யூமைத் தூக்கி வைத்து மிக்ஸ் செய்தான். அறையில் மலைபோல் ஒலித்த பாட்டு, லக்தாரின் காரில் கொசுவாக ரீங்கரித்தது.

“பேஸ் கிட்டார் லீவுல போயிடுச்சாண்ணே?” என்றான் லக்தார்.

வால்யூமைக் குறைத்தான். பேஸ் காதில் விழவில்லை என்று அதை மட்டும் ஏற்றிக்கொண்டே போனான். இம்முறை காரின் கதவுகள் அதிர்ந்தன.

“பாடுறது நானா, காரா?”

மொக்தார் ஜுலிகாவை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜைமேல் வைத்தான்.

“பேசு.”

“என்ன பேச?”

“எதையாவது.”

போனுக்கும் ஒரு வால்யூம் இருந்தது. எதை எதற்கு வைப்பது?

“நீ உருப்பட மாட்டே. நான் கிளம்பி வர்றேன்.”

அதுவரை சும்மா இருப்பானேன் என்று மாடிவீட்டு கேய்ராவை அழைத்து வாசலில் நிறுத்தினான். நான்காம் மாடியிலிருந்து மீன்காரனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கேய்ரா தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். அந்தக் குரலுக்குத் தக்கபடி வால்யூமை ஏற்றியதில் அலமாரியிலிருந்த டீ கிளாஸ்கள் ஆடின. மிக்ஸ் மறுபடியும் கொசு. கேய்ரா மருமகளை இன்னும் முடிக்கவில்லை.

மூன்றரைக்கு ஜுலிகா வந்தாள். பையைக்கூட வைக்கவிடவில்லை.

“அங்கேயே நில்லு. எப்பவும் போல பேசு.”

அவள் பேசினாள். அவன் தலையாட்டினான். கை தானாகத் திருகி ஓரிடத்தில் நின்றது. அரைமணியில் மிக்ஸ் முடிந்தது. காரில் போட்டார்கள், போனில் போட்டார்கள். பாட்டு தலைநிமிர்ந்து நின்றது.

“இந்த ஊர்ல இப்படி ஒரு காது கிடையாதுண்ணே.”

மொக்தார் நெஞ்சை நிமிர்த்தினான். “இவ மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்.”

“அப்படியா? இப்ப வாசல்ல நின்னு நான் என்ன சொன்னேன்?” என்றாள் ஜுலிகா.

“சாப்பாடு ரெடின்னு.”

லக்தார் அவள் கையிலிருந்த பயணப்பையைப் பார்த்தான்.

ஜுலிகா உள்ளே வந்து, தன் கையாலேயே வால்யூமை அடியோடு குறைத்தாள்.

“பதினொரு வருஷமா இந்த வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்குறேன்: என்னை ஒரு பாட்டு பாட வை.”