ஆடியில் வாடை கண்ட அடலேறு

வாழிய மதலைமுத்து! கடலில்லாப் பெங்களூரில் கடலாய்ந்த கோமகன். வங்காள விரிகுடாவின் நீரோட்டங்களையும் அவை சுமக்கும் ஆற்றலையும் மர்பி டவுன் மாடியறையில் இருந்தவாறே அளந்த பேரறிவாளன். முனைவர் பட்டத்தின் மை உலராத, அலையில் கால் நனையாத அடலேறு, வாழிய!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு, சூலைத் திங்களின் கடைநாள். மாலை ஐந்து மணிக்குள் அவனது ஆய்வுச் சுருக்கம் மாநாட்டுக்குத் தொலைநகலில் செல்லாவிடில், ஆய்வுப் பணி அன்றோடு முடியும். கணிப்பை நடத்தவல்ல கணினியோ ஆய்வுக்கூடம் முழுமைக்கும் ஒன்றே. அதன்முன் நாற்காலியும் ஒன்றே.

காலை ஏழு மணிக்கு, செருப்பு நீக்கியே புகத்தக்க அக்குளிரறையின் வாயிலில், மேகங்களை ஆயும் பெர்னதெத்தும் அவனும் எதிரெதிர் நின்றனர். அவள் குனிந்து செருப்பு வாரை அவிழ்க்க முற்பட்ட அக்கணமே, ரப்பர் செருப்பணிந்த நம் நாயகன், நாண்விடுத்த கணையென, மதகுடைத்த வெள்ளமென, மதங்கொண்ட களிறு வாழைத்தோட்டம் புகுந்ததென, இரு செருப்பையும் இரு திசைக்கு உதறிப் பாய்ந்து, சுழல்நாற்காலி மும்முறை சுழன்று ஓய, அதன்மேல் வீற்றிருந்தான்.

“டேய், எனக்கு ஒன் அவர் போதும்டா. நீ உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டே!” என்றாள் பெர்னதெத்.

“முதல்ல உக்காந்தவனுக்குத்தான் மெஷின். நீ போய் ஜன்னல் வழியா மேகத்தப் பாரும்மா!” என்று முழங்கினான் வேந்தன்.

சிற்றுண்டியும் சிறுநீரும் துறந்து ஒன்பது மணி நேரம் தவமிருந்தான். நான்கு மணிக்குத் திரை ஒளிர்ந்தது. விரிகுடா முழுவதும் தலைகீழாய் ஓடக் கண்டு, உலகறியா உண்மை தனக்கு மட்டும் முகம் காட்டியதெனப் பூரித்தான். பெர்னதெத் பின்னால் நின்று பார்த்தாள்.

“காத்துக் கணக்கு எங்க ஃபைல்லேர்ந்துதானே எடுத்தே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“நாங்க காத்து எங்கேர்ந்து வருதுன்னு எழுதுவோம். நீ எங்க போகுதுன்னு படிச்சிருக்கே. ஆடி மாசத்துல வாடைக்காத்த அடிக்க விட்டிருக்கியே, ராசா!”

நீரோட்டத்துக்குச் செல்லும் திசையால் பெயர். காற்றுக்கு வரும் திசையால். வானிலை அறிந்தோர்க்கு இது பாலபாடம். ஒரு சொல் கேட்டிருந்தால் காலையிலேயே அறிந்திருப்பான். ஆயினும், கேட்பது வீரர்க்கு அழகன்று. மறுகணிப்புக்கு மீண்டும் ஒன்பது மணி நேரம் வேண்டும், எஞ்சியதோ ஒன்று. அரியணை துறந்து அவன் எழ, அவள் அமர்ந்தாள்.

மதலைமுத்து அடுத்த மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான்.