புத்திக்கு வந்த முறைக்காய்ச்சல்

கூலிக்காரன் பிள்ளைக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்ற மாபெரும் உண்மை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு வரையில் கிள்ளான் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. பெற்றவர்களுக்கே தெரியாது. பிள்ளைக்கு வயிறு என்று ஒன்று உண்டு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். அதை நிரப்புகிற வேலையில் மற்ற உறுப்புகளை மறந்துவிட்டார்கள். நல்லவேளையாகக் கோலாலம்பூரில் சில கனவான்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் யோசித்து, அந்த உண்மையைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மாணவர் மன ஆலோசகர்' வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். புது ஆள் வைத்தால் செலவு என்பதால், தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற யாருக்காவது பயிற்சி கொடுத்தால் போதும் என்று உபதீர்மானமும் போட்டார்கள்.

தெலுக் பங்லிமா காராங் போகிற சாலையோரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இந்தப் பொறுப்பு டிரெஸ்ஸர் கிரிகரிக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொய்னாவும் வயிற்றுக்கு விளக்கெண்ணெயும் கொடுப்பவர். அவரிடம் வெள்ளைக் கோட்டு இருந்தது. மற்றத் தகுதிகளைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பயிற்சி இரண்டு வாரம் நடந்தது. முதல் வாரம் மனம் எங்கே இருக்கிறது என்று படித்தார். இரண்டாவது வாரம் மழை.

கூலி வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்குச் செய்தி வந்தபோது பவுனம்மாள் தண்ணீர்க் குழாயடியில் ரப்பர்ப் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பால்மரம் வெட்டுகிறவள்; ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவள். புருஷன் இல்லை; மகள் சீதாலெட்சுமி ஒருத்திதான்.

"பிள்ளைங்க மூளைய சோதிக்கப் போறாராம்கா டிரெஸ்ஸரு," என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா.

"மூளைய எப்படிடி பாப்பாங்க?"

"தலைக்குள்ளதானே இருக்கு. போன வருசம் தலைப்படை பாக்க வந்தப்ப, முடிய எடுக்காத பிள்ளைங்கள என்னா திட்டு திட்டுனாரு! இப்ப அதுக்கும் உள்ள பாக்கணும்ங்கறாரு. முடியோட அனுப்பினா விடுவாரா?"

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே ஆண், பெண் என்ற பேதமில்லாமல் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மொட்டை விழுந்தது. சீதாலெட்சுமி அழுதாள். பவுனம்மாள் அவள் தலையில் நல்லெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். புத்தி சுத்தமாகத் தெரியட்டும்.

அவளுக்கு அதில் ஓர் அவசரம் இருந்தது. விடியுமுன் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், தோட்டத்துத் துரை அடிக்கடி நோட்டீஸ் ஒட்டுவார். அதைக் கங்காணி ரெங்கசாமி உரக்கப் படிப்பார். எந்த நோட்டீஸைப் படித்தாலும் அதில் கூலிகளுக்குக் கூடுதல் வேலையும் கங்காணிக்குக் கூடுதல் மரியாதையும் இருக்கும். தன் வீட்டில் அதைப் படிக்கிற கண் ஒரு ஜோடியாவது வேண்டும் என்று பவுனம்மாள் தீர்மானித்திருந்தாள். ரெங்கசாமியின் தீர்மானம் வேறு. "பொண்ணு வளந்துட்டா. புல்வெட்டுக்கு அனுப்பு. பள்ளிக்கூடத்துல தூங்கத்தானே செய்யுது," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். தூங்கியது உண்மை. விடியுமுன் தாயோடு ரப்பர் காட்டுக்குப் போய்ப் பால் பிடிக்கிற மங்கு துடைத்துவிட்டு, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து ஆடத்தான் செய்யும்.

சோதனை நாள் வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரைப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக மொட்டைகளைக் கண்டதும் கிரிகரி ஒரு கணம் நின்றார். பயிற்சியில் இது வரவில்லை. "கூட்டு மனச்சோர்வு" என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். தாய்மார்கள் அரைச் சுவருக்கு வெளியே நின்றார்கள். முடிவை உடனுக்குடன் செயல்படுத்துவதற்காக ரெங்கசாமியும் நின்றார்.

முதலில் வேலாயுதம் என்ற பையன். கிரிகரி ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார். கதவு, ஜன்னல், கூரை எல்லாம் இருந்தன; புகைபோக்கி மட்டும் இல்லை.

"தம்பி, இந்த வீட்டுல என்ன குறையுது? பயப்படாம சொல்லு லா," என்று கோலாலம்பூர்ப் பேச்சில் கேட்டார்.

வேலாயுதம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மத்த வீடெல்லாம் எங்கய்யா? ஒரே ஒரு கதவுதான் இருக்கு. லயத்த யாரு இடிச்சது?"

கிரிகரி வருத்தத்துடன் கண்ணை மூடித் திறந்தார். "மந்தம். படிப்பு ஏறாது. ஏறாத மண்டைய வருத்தறது பாவம். திறந்தவெளிக் காத்துல இருக்கட்டும்."

திறந்தவெளிக் காற்று புல்வெட்டுக் காட்டில் ஏராளம். ரெங்கசாமி பையனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அடுத்து வீரம்மாவின் மகன் பக்கிரிசாமி. கெட்டிக்காரன். வேலாயுதத்துக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன், படத்தைக் கண்டதும், "புகை போக வழி இல்லைங்கய்யா," என்றான். கூட்டல் கேட்டார், சொன்னான். ராஜாவின் பெயர் கேட்டார், சொன்னான். வெளியே வீரம்மா பவுனம்மாளின் தோளைப் பிடித்துக் குதித்தாள்.

"பூரண புத்தி!" என்று கிரிகரி எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு கோளாறும் இல்ல. முழு குணம்!"

அப்புறம் அவருடைய ஆஸ்பத்திரிப் பழக்கம் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குணமானவனை அவர் ஒரு நாளும் கட்டிலில் வைத்திருந்ததில்லை. "குணமானவனுக்கு இங்க என்ன வேலை? கங்காணி, பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அய்யா! பாஸ் பண்ணிட்டான்னுதானே சொன்னீங்க?" என்று வீரம்மா கத்தினாள்.

"ஆமாம்மா. பாஸ் பண்ணவனுக்கு ஆலோசகர் உதவி தேவையில்ல. சந்தோசப்படு."

பவுனம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மந்தமும் காட்டுக்குப் போகிறது, புத்தியும் காட்டுக்குப் போகிறது. அடுத்தது சீதாலெட்சுமி. எந்தப் பதிலைச் சொன்னாலும் ரெங்கசாமி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அப்படியானால் யார்தான் உள்ளே இருக்கிறது? ஆஸ்பத்திரியில் யாரை வைத்திருந்தார்கள்? தன்னையே வைத்திருந்தார்கள்! போன மழைக்கு அவளுக்கு வந்த முறைக்காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடித்தது. கிரிகரி வெளியே அனுப்பும் அன்றைக்கெல்லாம் காய்ச்சல் திரும்பி வந்து நின்றது. தோற்றுப்போய் அவளைக் கட்டிலிலேயே வைத்திருந்தார்.

"பாப்பா, இந்த வீட்டுல..." என்று கிரிகரி ஆரம்பித்தார்.

"அய்யா, ஒரு நிமிசம்!" என்று பவுனம்மாள் அரைச் சுவரின் மேல் சாய்ந்தாள். "அவளுக்கு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காதுங்கய்யா. இன்னைக்குப் படபடன்னு பதில் சொல்லுவா. நாளைக்கு அப்பிடியே மந்தமாயிருவா. மறுநாள் திரும்பத் தெளிஞ்சிரும். புத்திக்கு முறைக்காய்ச்சல்ங்கய்யா!"

"எந்த ஊரு நோவு இது?" என்றார் ரெங்கசாமி. "டிரெஸ்ஸரே, ஏமாத்தறா."

கிரிகரி காதில் அது விழவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "பாப்பா, ஏழும் அஞ்சும் எத்தன?"

சீதாலெட்சுமி தாயைப் பார்த்தாள். தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பன்னெண்டுங்கய்யா... நாளைக்குக் கேட்டா தெரியாதுங்கய்யா."

கிரிகரி மேஜையைத் தட்டினார். "முறை மந்தம்! கோலாலம்பூர்லயே யாரும் பாத்ததில்ல! கங்காணி, இந்தப் பிள்ளமேல கை வைக்காதீங்க. இவ கண்காணிப்புல இருக்கணும். தினமும் பள்ளிக்கூடத்துக்கு வரணும். வெயில் ஆகாது. விடியக்கால காட்டு வேலையும் ஆகாது."

"தூங்க விடலாமுங்களாய்யா?" என்றாள் பவுனம்மாள்.

"தூக்கந்தான் முதல் மருந்து."

வீரம்மா மகனைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அய்யா, எம்புள்ளைக்கும் அந்த நோவக் குடுங்கய்யா!"

"உன் மகன் ஆரோக்கியமா இருக்கான்மா. அடுத்தவங்க நோயப் பாத்துப் பொறாமைப்படக் கூடாது," என்று கிரிகரி கனிவோடு சொன்னார்.

கனிவு பயிற்சியில் கிடைத்தது. அதற்காக அரசாங்கத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அன்று வரிசையில் மிச்சமிருந்த மொட்டைகள் அத்தனைக்கும் முறை மந்தம் கண்டது. ஒருவனுக்கு மந்தம் செவ்வாயில் வந்தது, ஒருத்திக்கு அமாவாசைக்கு அமாவாசை வந்தது. கிரிகரி ஒவ்வொன்றையும் தனித்தனி வகை என்று பிரித்து, மகிழ்ச்சியில் மத்தியானச் சோற்றையே மறந்தார்.

வருஷம் திரும்புவதற்குள் அந்தத் தோட்டம் கோலாலம்பூரில் பெயர் வாங்கிவிட்டது. மனக்கோளாறுள்ள பிள்ளைகள் இவ்வளவு பேர் ஒரே கூரையின் கீழ் வேறெங்கும் இல்லை. கனவான்கள் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். சீதாலெட்சுமியை நிறுத்தி, பெரட்டுக் களத்து நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைமுடி காதைத் தொட வளர்ந்திருந்த அந்த 'நோயாளி' அதைக் கடகடவென்று வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமை கட்டாய வேலை கிடையாது என்று அதில் போட்டிருந்தது. வெளியே நின்ற பவுனம்மாள் ரெங்கசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையில் ஏதோ ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

கனவான்களுக்கு வியப்புத் தாங்கவில்லை. "கோளாறுள்ள பிள்ளையே இப்படி வாசித்தால், கோளாறில்லாத பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்! பூரண புத்தி என்று நீங்கள் சான்று கொடுத்தவர்களைக் காட்டுங்கள், மிஸ்டர் கிரிகரி."

கிரிகரி பெருமையோடு அவர்களைப் புல்வெட்டுக் காட்டுக்கு அழைத்துப் போனார். வெயிலில் குனிந்த முதுகுகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. "அதோ, மூணாவது. பக்கிரிசாமி."

"தம்பி!" என்று ஒரு கனவான் கூப்பிட்டார்.

பக்கிரிசாமி நிமிரவில்லை. மண்வெட்டி விழுந்தது, எழுந்தது, விழுந்தது.

"என்ன, பதில் சொல்ல மாட்டேன் என்கிறான்?"

"வேலை நேரத்துல நிமிந்து பாக்கறது கோளாறோட அறிகுறிங்க. இவனுக்கு அது சுத்தமா இல்ல," என்றார் கிரிகரி.

கனவான்கள் மண்வெட்டியின் தாளத்தைச் சற்று நேரம் திருப்தியோடு கேட்டார்கள். எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளையும் சீக்கிரமே இப்படிக் குணப்படுத்திவிட வேண்டும் என்று அங்கேயே, வெயிலைக்கூடப் பொருட்படுத்தாமல், தீர்மானம் போட்டார்கள்.