மைக் செட் அருணகிரி பஸ் ஏறிய கதை

அருணகிரி சபதம் போட்டுவிட்டான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சோதனை செய்ய வருகிற அந்த கேன்சர் பஸ்ஸில் அவன் ஏற மாட்டான். செத்தாலும் ஏற மாட்டான். ஏறாமல் இருந்தால்தான் சாவாய் என்றாள் பெண்டாட்டி ரேணுகா. அதற்கும் சேர்த்து அவனுக்குக் கோபம் வந்தது.

இதில் கூத்து என்னவென்றால், அந்த பஸ் வரப்போவதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறவனே அவன்தான். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி. அதன் தலையில் முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர், பின்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர். திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரை வரைக்கும் யார் செத்தாலும், எந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும், எவன் ஆடு காணாமல் போனாலும் அருணகிரி குரல்தான். 'வாயில் ஆறாத புண் உள்ளவர்களே, வெள்ளைத் திட்டு உள்ளவர்களே, வாயை முழுசாகத் திறக்க முடியாதவர்களே, மார்பில் கட்டி உள்ளவர்களே, தாமதிக்காதீர்' என்று மைக்கில் உருகுவான். உருகும்போது இடது கன்னத்தில் மாவாப் புகையிலையை அடக்கி வைத்திருப்பான். அந்த மாவாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு. சித்திரையில் வந்தது. ஆவணி பிறந்துவிட்டது, அது போகவில்லை.

ரசம் பட்டால் எரிந்தது. வாய் வரவரத் திறக்க மறுத்தது. இட்லியைக் குருவிக்குப் போடுகிற மாதிரி பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினான். ஏன் என்று கேட்டால், பெரிய மனுசன் அப்படித்தான் சாப்பிடுவான் என்றான். பெரிய மனுசனாம். மசால்வடையை எதிரில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கடிப்பது என்று அரை மணி நேரம் முழிக்கிற பெரிய மனுசன்.

அன்றைக்குக் காலையில் ரேணுகா தட்டை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"யோவ், வாயத் தொற."

"இன்னாத்துக்கு?"

"மூணு விரலு நெட்டுக்கு உள்ள போவுதான்னு பாக்கணும். ஜாக்குலின் சிஸ்டர் சொல்லிச்சி."

ஜாக்குலின் ஊருக்கு வருகிற நர்ஸ். அந்தப் பேரைக் கேட்டாலே அருணகிரிக்கு ஆகாது.

"மாட்டுச் சந்தையில பல்லு புடிச்சி பாக்கற மாதிரி பாக்கறியா?"

"மாடா இருந்தா இந்நேரம் தொறந்திருக்கும். மாட்டுக்கு அறிவு கீது."

"தோ பாரு, ரேணுகா. எங்க கருப்பண்ணனும் டெஸ்ட்டு எடுத்தான். பொங்கலுக்கு எடுத்தான், பங்குனில காரியம். எடுக்காம இருந்திருந்தா இன்னிக்கும் டீக்கடையில ஒக்காந்துகினு இருப்பான். டெஸ்ட்டு எடுத்தாதான் அது முழிச்சிக்குது."

ரேணுகா கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்த விதமே சரியில்லை.

"ஒங்க அண்ணன் டெஸ்ட்டு எடுத்ததால சாவல. ரெண்டு வருசம் எடுக்காம, சூட்டுப் புண்ணு, சூட்டுப் புண்ணுன்னு நெய்யத் தடவிகினு திரிஞ்சதால செத்தாரு. கழுத்துல கட்டி எறங்கனப்பறம் போனாரு. அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனது யாரு? நானு. கஞ்சிய டியூப்புல ஊத்தனது யாரு? நானு. நீ இன்னா பண்ண? சாவு சேதி சொல்ல வண்டி எடுத்த. அது ஒண்ணுதான் பண்ண."

அருணகிரி என்ன செய்வான்? தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். அது அவன் கால்மேலேயே விழுந்தது.

"ஞாயித்துக்கெழம அந்த பஸ்ஸு வருதுல்ல?" என்றாள் ரேணுகா. "எங்க நிக்குதோ நிக்கட்டும். சட்டையப் புடிச்சி இழுத்துகினு போறேன். ஊரே பாக்கட்டும்."

செய்வாள். போன திருவிழாவில் சீட்டாடிக்கொண்டிருந்தவனை, கையிலிருந்த சீட்டோடு இழுத்து வந்தவள் அவள்.

பஸ் எங்கே நிற்கும் என்பது ஊரில் அருணகிரிக்கு மட்டும் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்து ஸ்கூல் என்று ஜாக்குலின் சொல்லியிருந்தாள். இனி மைக்கில் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருவது அவனுக்கு அபூர்வம். அதனால் வந்ததை ஒருமுறை சரிபார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மற்ற தெருக்களில் உண்மையைச் சொல்வது. தன் தெருவில் மட்டும் புதுப்பட்டினம் மார்க்கெட் என்று சொல்வது. ரேணுகா புதுப்பட்டினம் கிளம்புவாள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நல்லவன் மாதிரி வண்டி எடுப்பது. அங்கே பஸ் இருக்காது. 'கேன்சல் பண்ணிட்டானுங்க, இவனுங்கள நம்பி வந்தோமே' என்று அவளுக்கு முன்னால் தானே கோபப்படுவது. திரும்பி வருவதற்குள் ஸ்கூலில் நின்ற பஸ் செங்கல்பட்டுக்குப் போயிருக்கும். இதை நினைத்தபோது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

நினைத்தபடி செய்தான். தன் தெருவில் நின்று, "புதுப்பட்டினம் மார்க்கெட் அருகில், அனைவரும் வருக" என்று உருகினான். அடுத்த தெருவுக்குத் திரும்பினான். "பஞ்சாயத்துப் பள்ளி வளாகத்தில், அனைவரும் வருக" என்று அதே உருகல்.

மதியம் வீட்டுக்கு வந்தால் வாசலில் எதிர்வீட்டுக் கன்னியம்மா நின்றாள். வாய்த்துடுக்குக்காரி. அவளிடம் வாய் கொடுத்தவன் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

"ஏம்பா அருணகிரி, பஸ்ஸு புதுப்பட்டினத்துலயா நிக்குது?"

"ஆமாக்கா. மார்க்கெட்டாண்ட."

"அவ்ளோ தூரம் எப்பிடிப் போறது?"

ரேணுகா உள்ளேயிருந்து வந்தாள். கோபமே இல்லை. "இவரு வண்டி கீதுல்ல. தெருவுல எல்லாரும் ஏறிக்கினு போவலாம். இன்னாய்யா?"

அருணகிரிக்குக் கசக்குமா? சாட்சிக்கு ஒருத்தி இருப்பதைவிட ஒரு தெருவே இருப்பது நல்லதுதானே. தலையை ஆட்டினான். அன்றைக்கு ரேணுகா காரமே போடாமல் பருப்புக் கடைந்து, குழைய வடித்த சோறு போட்டாள். சண்டை போட்ட பெண்டாட்டி நல்ல சோறு போடுகிறாள் என்றால் அங்கே என்னவோ இருக்கிறது. இது தெரியாதவனுக்கெல்லாம் எதற்குக் கல்யாணம்?

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறையப் பெண்கள். நிற்க இடமில்லை. ரேணுகா முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து கன்னியம்மா குரல் வழியெல்லாம் வந்துகொண்டே இருந்தது.

"அருணகிரி, பஸ்ஸு இன்னா கலரு?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? பஸ்ஸு இன்னா எனக்குச் சம்பந்தியா?"

"இல்ல, அது வரும்னு நீதான் மைக்குல அடிச்சி சொன்ன. கலரு தெரியும்னு நெனச்சேன்."

பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். அருணகிரி சிரிக்கவில்லை. கோபப்பட ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். 'இவனுங்க உருப்படுவானுங்களா' என்று ஆரம்பிக்கலாமா, 'பேஜாராப் போச்சே' என்று ஆரம்பிக்கலாமா? உருப்படுவானுங்களாதான் கம்பீரம்.

ஈ.சி.ஆர் ரோட்டைத் தாண்டி மார்க்கெட் முக்கில் வண்டியைத் திருப்பினான். "இவனுங்க உருப்..." என்று ஆரம்பித்தான்.

பஸ் நின்றது. வெள்ளை பஸ். பக்கத்தில் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைலி கட்டிய மீன்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அருணகிரி மாவாச் சாற்றை முழுங்கிவிட்டான்.

ஜாக்குலின் சிரித்துக்கொண்டே வந்தாள். "வாங்கண்ணா. உங்களாலதான் பஸ்ஸே இங்க வந்துச்சி."

"ஸ்கூலுன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

"சொன்னேன். நீங்க உங்க தெருவுக்கு புதுப்பட்டினம்னு சொல்லிட்டீங்கன்னு ரேணுகாக்கா போன் பண்ணாங்க. ஜனங்கள ஏமாத்தக்கூடாதுல்ல? அதான் காலையில இங்க, மத்தியானம் உங்க ஊரு ஸ்கூலு. மத்த தெருவுல நானே வீடு வீடா சொல்லிட்டேன்."

அருணகிரி மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"யோவ். நாலு தெருவுக்குக் கேக்கணும்னுதான கொழாயே கட்டிகினு கீற? வாசல்ல நின்னா புதுப்பட்டினம்ன்ற. கொல்லப்பக்கம் துணி காயப்போடப் போனா, அதே தொண்ட ஸ்கூலுன்னுது. தெரு நாய்கூட எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுகினு இருந்திச்சி. பொய்ய மைக்குல சொன்ன மொத ஆம்பள நீதான்யா."

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நான் டிரைவரு. வண்டியப் பாத்துக்கணும். நீங்க போய்ட்டு வாங்க."

"அப்ப நாங்களும் எறங்கல," என்றாள் கன்னியம்மா. "ஆம்பளைக்கே பயமா கீதுன்னா, எங்களுக்கு இருக்காதா?"

ஒருத்திகூட இறங்கவில்லை. பிள்ளையார் சிலை மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஜாக்குலின் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரேணுகா மட்டும் இறங்கி, சுற்றிவந்து அவன் பக்கக் கதவில் கை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கத்தினால் பயமில்லை. இப்படிப் பேசினால்தான் பயம்.

"இத்தினி பொம்பளைங்க ஒன் கொரல நம்பி வந்துதுங்க. நீ ஏறலன்னா இதுங்க எறங்காது. இதுல எவளுக்காவது மார்ல கட்டி இருந்து, இன்னிக்குத் தெரியாமப் போய், அவ செத்தான்னு வையி. அந்த சேதியச் சொல்ல ஒன் வண்டிதான் வரும். அப்ப மைக்குல இன்னா சொல்லுவ? நான் பயந்துகினேன், அதனால இவ செத்தாள்னு சொல்லுவியா?"

அருணகிரி வண்டியின் பின்பக்கம் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவனுக்குள் ஏதோ எழும்பியது. பயம் போகவில்லை. பயத்தின்மேல் ஒரு தியாகி ஏறி உட்கார்ந்துகொண்டான். மாவாவைத் துப்பினான். வாயைக் கொப்பளித்தான். கைலியை இறக்கிக் கட்டினான்.

"ஒங்களுக்காகப் போறேன்," என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு ஏறினான்.

உள்ளே கோதை என்று ஒரு சின்ன வயசு டாக்டர். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தான். இதுதான் முழுசா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான். மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றரைதான் போனது. டார்ச் அடித்தாள், சின்னக் கண்ணாடியை விட்டுக் கன்னத்தை ஒதுக்கினாள். பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தாள். அருணகிரிக்கு அந்தத் தியாகி எப்போது இறங்கிப் போனான் என்றே தெரியவில்லை.

"கேன்சருங்களா?"

"இப்ப ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். துளியூண்டு சதை எடுத்துப் பாக்கணும். புதன்கிழமை செங்கல்பட்டுக்கு வாங்க. மாவா இன்னியோட சரி. வாய் இப்பிடி இறுகினதே அதாலதான். ஆனா பாக்கறதுக்கு ஆரம்பமாத்தான் தெரியுது. இந்த நேரத்துல வந்தா எங்களால செய்ய முடியறது நெறைய இருக்கு."

"எங்க அண்ணன்..."

"அவர் எப்ப வந்தார்?"

அருணகிரி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. செத்துப்போன கருப்பன் மேல் வந்தது. அந்த நெய் மேல் வந்தது. சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் கன்னத்தில் மாவா அடக்கிக்கொண்டு மைக்கில் உருகினானே ஒருத்தன், அவன்மேல் வந்தது. இத்தனை நாள் கோபப்பட்டதில் முதல்முறையாக சரியான ஆள்மேல் வந்தது.

படியில் நின்று முகத்தைத் துடைத்தான். ரேணுகா கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

"பொதங்கெழம செங்கல்பட்டு போவணும். ஆரம்பந்தானாம்," என்றான்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேமானி," என்றாள். அவ்வளவுதான்.

அருணகிரிக்கு உயிர் வந்தது. மறுபடி நெஞ்சை நிமிர்த்தினான். தன்னை நம்பி வந்தவர்களை இனி கரையேற்ற வேண்டுமே. வண்டிக்குப் போனான். வண்டி காலி. மார்க்கெட் பக்கமிருந்து தெருவே கையில் பையோடு வந்துகொண்டிருந்தது.

"எங்க போனீங்க? வாங்க, வலிக்கல, ஒவ்வொருத்தரா பஸ்ல ஏறுங்க," என்றான்.

கன்னியம்மா பையை வண்டிக்குள் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"எங்களுக்கெல்லாம் போன மாசமே ஜாக்குலின் சிஸ்டர் பாத்து முடிச்சிடுச்சி. நாங்க ஒன்ன ஏத்திவுட வந்தோம். வண்டிய எடு நைனா, நெத்திலி நாறிடப் போவுது."